பல்செட் யாரிடம் இருந்தது

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டார் போட்டான். பாலை அடுப்பில் வைத்தான். "தொட்டி வழியுது, காது கேக்கலையா?" என்று உள்ளேயிருந்து குரல் வராததால் தண்ணீர் வழிந்து வாசல்வரை ஓடியது. மாமியார்தான் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தார்.

மனைவி போய் அன்றோடு நான்கு நாள். புத்தகக் கடையில் மேல்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள், ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் அதையே கேட்டார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கடைசியாக என்ன சொன்னாள்? "பாத்துப் போன்னு சொன்னா" என்று முதல் ஆளிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். அதுவே நிலைத்துவிட்டது. "புருஷன் பத்திரமா இருக்கணும்னுதான் நெனச்சிருக்கா, பாருங்க" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார்.

பத்து மணிக்குக் கடை முதலாளி அவளுடைய பையைக் கொண்டுவந்தார். குடை, டிபன் டப்பா, அவள் கையெழுத்தில் ஓர் அட்டை. பிடித்த நாவலுக்கு அப்படி எழுதித் தட்டில் செருகிவைப்பது அவள் வழக்கம்.

'பஸ்ஸில் படிக்காதீர்கள். ஒரு மாதிரி பார்ப்பார்கள். கடைசி அத்தியாயத்துக்குத் துண்டு தேவைப்படும்.'

"இந்த அட்டையாலயே முப்பது பிரதி போச்சு தம்பி" என்றார் முதலாளி. "வாங்கினவங்க திரும்பி வந்து சண்டை போடுவாங்க, இப்படி அழ வச்சுட்டியேம்மான்னு."

அதில் ஒரு பிரதி அவன் தலைமாட்டிலும் கிடந்தது. படி, படி என்று ஆறு வாரமாக உயிரை வாங்கினாள். உள்ளறைக்குப் போய் எடுத்தான். முப்பத்தெட்டாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் இருந்தது.

அங்கிருந்து படித்தான். அப்பா இறந்து கிடக்கிறார். அவருடைய பல்செட்டைக் காணோம். பொக்கை வாயோடு அனுப்பக் கூடாதென்று குடும்பமே கட்டிலுக்கடியில் தவழ்கிறது. தவழ்ந்தபடியே பழைய சண்டைகளைப் போடுகிறது. எல்லோரையும்விடச் சத்தமாக அழுகிற சித்தப்பாவின் வாய் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை 'டக் டக்' என்கிறது. மனிதர் டம்ளர் மாற்றி எடுத்து மாட்டியிருக்கிறார்.

அவன் சிரித்துவிட்டான். அடக்க அடக்கப் பீறிட்டது. கூடத்தில் பேச்சு நின்றது.

மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "மாப்பிள்ளை, வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க. என்ன இது?"

"இதப் படிங்க அத்தை."

"கண்ணாடிய எங்க வச்சேன்னே தெரியல. நீங்களே படிங்க."

படித்தான். 'டக் டக்' வந்ததும் மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவன் பக்கத்தை முடித்த பிறகும் குலுங்கின.

"அவ குடுத்ததா?"

"ஆமா."

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"அத்தை, பாத்துப் போன்னு அவ சொல்லல."

மாமியார் முந்தானையை இறக்கினார்.

கடைசி நாள் காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, புத்தகத்தை முடித்துவிட்டாயா என்று கேட்டாள். முடித்துவிட்டேன் என்றான். அப்படியானால் பல்செட் யாரிடம் இருந்தது, சொல் என்றாள். பாட்டியிடம் என்றான், தலை வாரியபடியே, திரும்பிப் பார்க்காமல்.

"பின்ன என்னதான் சொன்னா?"

"புளுகு மூட்டை, சாயங்காலத்துக்குள்ள படிச்சு வை, வந்து மறுபடியும் கேப்பேன்னு சொன்னா."