கறுப்பு வாஷர்

தொட்டியின் அடியில் தட்டிப் பார்த்தேன். டொங் என்றது. மேல்பக்கம் அப்படிச் சத்தம் வந்தால் பரவாயில்லை, அடியிலும் அதே சத்தம் என்றால் உள்ளே ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு வருடம் குழாய் வேலை பார்த்தவனுக்கு இதற்கு அளவுகோல் வேண்டாம். ஐந்நூறு லிட்டர் டீசல். பதினெட்டு நாளைக்கு முன் என் கையால் நிரப்பியது.

உள்ளே என் மனைவி மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறாள். நுரையீரல் கெட்டு இரண்டு வருடமாகிறது. கூப்பிட மூச்சு போதாது என்பதால் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் வா. மூன்று என்றால், பக்கத்து வீட்டு டிரைவரோடு வாயளந்தது போதும், உள்ளே வந்து சேர்.

போன மாதப் புயலில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தேடி, கேனைத் தூக்கிக்கொண்டு நாயாக அலைந்தேன். அதோடு முடிவெடுத்து, வீட்டுக்குப் பின்னால் நானே இந்தத் தொட்டியை நிறுத்தினேன். இரும்பு ஸ்டாண்டு, அதன் கீழே நாலு விரல் உயரத்துக்கு மணல். பேட்டரியில் ஓடும் ஒரு பம்பு. சுவிட்சைத் தட்டினால் ஒரே நிமிடத்தில் ஜெனரேட்டர் நிரம்பிவிடும். முதல் நாள் அவளைக் கைத்தாங்கலாக ஜன்னலோரம் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

சாமான் வாங்கப் போனபோதே கடைக்காரர் கேட்டார். "டீசலுக்குத்தானேண்ணே? அப்ப இந்தப் பச்சை வாஷரை எடுத்துக்கங்க. கறுப்பு ரப்பர் டீசல்ல ஊறிப் போயிடும்."

"எனக்கே வாஷர் சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே குழாய்ல கை வெச்சவன்டா நான்."

என் பெட்டியில் நூறு கறுப்பு வாஷர் கிடந்தது. நான் போட்ட ஜாயின்டில் ஒரு சொட்டு ஒழுகியதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. போட்டதெல்லாம் தண்ணீர்க் குழாய் என்பது மட்டும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

பத்தாவது நாள் அவள் சொன்னாள். "டீசல் வாடை வருதுங்க. எங்கயோ ஒழுகுது."

"டீசல் பின்ன சென்ட் மாதிரியா மணக்கும்?"

பின்கதவில் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். தரையில் ஈரமில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

"குனிஞ்சு பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன்."

நாற்பது வருடத்தில் அவளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் இவ்வளவு சின்னதில்லை.

இடையில் மின்சாரம் அரை மணி, கால் மணி என்றுதான் நின்றது. ஜெனரேட்டரில் இருந்ததே போதுமாக இருந்தது, தொட்டிப் பக்கம் போகவே வேலையில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததில், அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் தீர்ந்தது. தொட்டி இருக்கும்போது என்ன அவசரம் என்று மாற்றாமல் விட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. பன்னிரண்டுக்கு ஜெனரேட்டர் இருமத் தொடங்கியதும் பம்பைப் போட்டேன். காற்றை இழுத்துக்கொண்டு கிறீச்சிட்டது. அப்போதுதான் குனிந்தேன். அடிக்குழாய் ஜாயின்டில் வாஷர் உப்பிப் பிதுங்கி வெளியே தொங்கியது. மணல் கறுத்துக் கிடந்தது. இத்தனை நாளும் சத்தமில்லாமல் குடித்துத் தீர்த்திருக்கிறது.

டிரைவர் ஓடிவந்து கேனைப் பிடுங்கினார். "பக்கத்து பங்க்ல கரண்ட் இல்லண்ணே, மூடிட்டான். பைபாஸ் வரைக்கும் போகணும். அரை மணி நேரம் ஆகும். அண்ணியைப் பாத்துக்கங்க." ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாயிற்று. வெளியே போன வண்டி வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

ஜெனரேட்டர் நின்றது.

உள்ளே போனேன். தலையணைகளில் சாய்ந்திருந்தாள், உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. என் கையில் இருந்த பிய்ந்த வாஷரைப் பார்த்தாள். குழாய்க்காரன் பெண்டாட்டிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"கறுப்பா... போட்டீங்க?"

தலையாட்டினேன்.

"சரி... அடில கொஞ்சம்... நிக்கும். சாய்ச்சுப் பாருங்க." மூச்சு வாங்கினாள். "நான்... தட்டிக்கிட்டே இருக்கேன். போங்க."

அவள் தண்ணீர் குடிக்கும் டம்ளரையே எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டாண்டின் ஒரு காலைத் தோளால் தூக்கித் தொட்டியைச் சாய்த்தேன். நூல் மாதிரி டீசல் இறங்கியது. டம்ளரில் ஒரு விரல் சேர்ந்தது. அரை லிட்டர் தேறினால் கால் மணி ஓடும். உள்ளே கம்பியில் ஒரு தட்டு. நூல் அறுந்து சொட்டாகியது. இன்னும் சாய்த்தேன். ஒரு தட்டு. இரண்டு விரல். தோள் எலும்பு விண்ணென்றது. இரண்டு சொட்டுக்கு ஒரு தட்டு என்று இருந்தது, இப்போது ஐந்து சொட்டுக்கு ஒன்று. ஆறு. ஏழு. டம்ளரில் சொட்டு விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. அது அவள் தட்டை மறைத்துவிடுமோ என்று உள்ளங்கையை நீட்டி அடுத்த சொட்டை ஏந்திக்கொண்டு, காதை ஜன்னல் பக்கம் வைத்து நின்றேன்.