தனியொருவராக

ஆல்பன் கார்சைட் அந்தப் பழைய பல்கலைக்கழகத்தின் உரையாளர். ஜூன் மாத விழாவில் கௌரவப் பட்டம் வாங்க வருகிறவர்களைப் பற்றி, சிவப்பு அங்கி அணிந்து, லத்தீனில் புகழ்ந்து பேசுவது அவர் பதவி. அரங்கில் முக்கால்வாசிப் பேருக்கு லத்தீன் தெரியாது. கையில் மொழிபெயர்ப்பு இருக்கும். சிரிக்க வேண்டிய இடத்தில் ஆல்பன் சற்றே நிறுத்துவார், எல்லோரும் சிரிப்பார்கள். பதினான்கு வருஷப் பழக்கம்.

அந்த வருஷம் சர் ரோலண்ட் பெவனுக்குப் பட்டம். ரோமானியர் காலத்து ஈயத் தகடுகளில் மங்கிக் கிடந்த எழுத்தைப் படித்தவர் என்று பேர். உண்மையில் படித்தவர் அவருடைய உதவியாளர் ஹில்டா ஆக்லி. பதினோரு வருஷம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டார். அப்போது ஆராய்ச்சி மாணவனாக அதே அறையில் இருந்த ஆல்பனுக்கு இது நன்றாகவே தெரியும்.

'யாராலும் முடியாததைத் தனியொருவராகப் படித்தார்' என்று எழுதும்போது கை ஒரு கணம் நின்றது. ஆனால் லத்தீனில் அந்த வார்த்தை கச்சிதமாக விழுந்தது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். விழாவில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வெளியே புல்வெளியில் ஒரு குரல்.

"வாக்கியம் நல்லா முடிஞ்சுது, ஆல்பன்."

"மிஸ் ஆக்லி! நீங்க வருவீங்கன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தையை எடுத்திருப்பியோ?"

ஆல்பனுக்குக் காது மடல் வரை சுட்டது.

"ரோலண்ட் பொய் சொன்னா அது அவனோட பொய். நீ வாயைத் திறந்தா பல்கலைக்கழகமே பேசுது. அதுக்குத்தானே உனக்குப் பதவி?" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மதிய விருந்தில் ஆல்பன் எழுந்து, தகடுகளைப் படித்தது யார் என்று சொன்னார். ரோலண்ட் மீனை வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஆல்பனுக்கு வெயில் ஒத்துக்கல போல," என்றார். மேஜையே சிரித்தது. இத்தனை வருஷம் அவர்களைச் சிரிக்கப் பழக்கியவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஹில்டா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார்.

"பொய்யை ஆயிரம் பேர் முன்னாடி சொன்ன. நிஜத்தை இருபது பேர் கிட்ட, அதுவும் சாப்பாட்டுக்கு நடுவுல!"

"பதவியை விட்டுடறேன், மிஸ் ஆக்லி."

"விடு. உனக்கு நிம்மதி. எனக்கு என்ன கிடைக்கும்?"

ஹில்டா தேநீர் கொடுக்கவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

அடுத்த ஜூனில், முதல் உரைக்கு முன்பு, ஆல்பன் ஆங்கிலத்தில் பேசினார்.

"போன வருஷம் இதே இடத்தில் தெரிந்தே பொய் சொன்னேன். அந்தத் தகடுகளைப் படித்தவர் ஹில்டா ஆக்லி."

துணைவேந்தர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் இருமினார். யாரும் கைதட்டவில்லை. ஆல்பன் முதல் லத்தீன் உரையை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

ஹில்டா வரவில்லை. 'முட்டி வலி. பேப்பரில் வந்தால் படித்துக்கொள்கிறேன்' என்று அஞ்சலட்டை மட்டும் வந்திருந்தது.

பேப்பரில் வந்தது. 'ஹெலன் ஓக்லி' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஆல்பனுக்கு மறுபடி முகம் சுட்டது. தொலைபேசியை எடுத்து, பத்திரிகை அலுவலகத்தில் ஆள் கிடைக்கும் வரை காத்திருந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெயரைச் சொன்னார்.