மாமனாரைப் பணயம் வைத்த யுத்தம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனுஷனாகப் பிறந்தவன் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவான். இந்த இரண்டு சகலைகளும் முதல் உலகப் போரை நடத்துவார்கள். மூத்த மகளைக் கட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இளையவளைக் கட்டியவர் வக்கீல். மேசைமேல் வரைபடத்தை விரித்து அட்டைச் சிப்பாய்களை நிறுத்திவிட்டால் போதும், வீடே பற்றி எரிந்தாலும் எழுந்திருக்கமாட்டார்கள்.

கடைக்காரருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஓடிக்கொண்டே சடசடவென்று சுடுகிற தாக்குதல் துப்பாக்கி இருக்கிறதே, அது அடுத்த போரில்தானே வந்தது? முதல் போரிலேயே வந்திருந்தால்? ஒவ்வொரு குண்டுக்கும் கம்பியை இழுத்து இழுத்துச் சுட்டுக்கொண்டு நாலு வருஷம் பதுங்குகுழிச் சேற்றில் ஊறிக் கிடந்த பிள்ளைகளெல்லாம் ஒன்றரை வருஷத்தில் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். இதை அவர் கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார். கடைக்குக் கண் பரிசோதிக்க வந்தவர்களை எழுத்து படிக்கவைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஒருத்தரும் நம்பவில்லை. மற்றவர்களாவது தலையாட்டிவிட்டுப் போனார்கள், வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே கடைக்காரருக்கு வயிறு எரியும்.

"குண்டுக்கு எங்க அண்ணா போவீங்க? அரை மணி நேரத்துல எல்லாத்தையும் காலி பண்ணிட்டு, துப்பாக்கியைத் திருப்பிப் பிடிச்சு அடிக்கப் போறீங்களா?" என்பார் வக்கீல்.

அன்றைக்கு இருவரும் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாமனார் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போனபிறகு தனியாகத்தான் இருந்தார். இப்போது முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டதால் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அக்காளும் தங்கையும் உள்ளறையில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒத்தாசைக்கு வந்த மாப்பிள்ளைகள் கூடத்தில் யுத்தத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா யார் வீட்டுக்குப் போவார் என்பது இன்னும் முடிவாகவில்லை. நல்ல மனுஷர்தான். ஆனால் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. விடியுமுன் ரேடியோவை அலறவிட்டு, அது சொல்வதற்கெல்லாம் பதில் சொல்லுவார். இரண்டு சகலைகளும் அவரை மற்றவர் தலையில் கட்டத்தான் வழி தேடிக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு உங்க துப்பாக்கியோடவே ஆடுங்கண்ணா. ஆனா ஒரு தடவை சுட்டா மூணு குண்டு போகும். தோத்தவர் வீட்டுக்கு மாமா. பொம்பளைங்களுக்குத் தெரிய வேண்டாம்."

கடைக்காரருக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் இத்தனை வருஷமாகக் கேட்ட துப்பாக்கி கைக்கு வருகிறதே, விட மனசு வருமா? "சரி" என்றார்.

குண்டுகள் என்பவை கண்ணாடிக் காதில் முடுக்குகிற பொடித் திருகாணிகள். கடையிலிருந்து டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். சடசடவென்று சுட்டுத் தீர்ப்பார் என்று வக்கீல் காத்திருந்தார். மனுஷன் சுடவே இல்லை. தன் பிள்ளைகளை ஓடவிட்டார், பதுங்கவிட்டார், மறுபடி ஓடவிட்டார். பதுங்குகுழியின் விளிம்புக்குப் போனபிறகுதான் ஒரு பிடி பிடித்தார். வடக்கே வக்கீலின் ஆட்கள் கொத்தாகச் சரிந்தார்கள். டப்பாவில் திருகாணி இன்னும் பாதிக்குமேல் இருந்தது. அடுத்த முறை ஒரே ஒரு தள்ளு தள்ளினால் வக்கீலின் வரிசை இரண்டாகப் பிளந்துவிடும். வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது கூடத்தை ஒட்டிய அடுக்களையிலிருந்து மாமனார் தட்டில் மூன்று டீயுடன் வந்தார்.

"யாரு ஜெயிக்கறது?"

இரண்டு பேரும் அவசரமாக டீயை எடுத்துக்கொண்டார்கள்.

"சும்மா சொல்லுங்க மாப்பிள்ளை. எந்த வீடுன்னு தெரிஞ்சா பெட்டி கட்ட வசதியா இருக்கும். சின்ன மாப்பிள்ளை வீடுன்னா டேபிள் ஃபேனை எடுத்துக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தத் தொண்டையிலிருந்து குரல் எழும்பவே இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன்னை யார் ஏற்கவேண்டிவருகிறது என்று பார்க்க உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. ஜெயித்தால் இவர் கண்ணெதிரே இவரை வேண்டாமென்று தள்ளியதாக ஆகும். தோற்றாலோ இந்த வக்கீல் சாகிறவரை சொல்லிக் காட்டுவான். ஒரே ஒரு தள்ளு, அவ்வளவுதான் பாக்கி. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனது.

"தெற்குப் படை எல்லாரும் சுடட்டும்" என்றார்.

"எங்க?"

"இந்தத் தோட்டத்துல" என்று வரைபடத்தின் ஓரத்தைத் தொட்டார்.

"அங்க யாருமே இல்லையேண்ணா."

"ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துது."

திருகாணிகளை மும்மூன்றாக எடுத்துவைத்தார். அடுத்த முறை தன் வடக்குப் படையின் குண்டுகளையும் தெற்கே கொண்டுவந்து அதே தோட்டத்தில் கொட்டினார். வக்கீலுக்குச் சந்தேகமே வரவில்லை. இந்த ஆள் இப்படித்தான் கோட்டைவிடுவார் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவர் எப்படிச் சந்தேகப்படுவார்? டப்பா காலியானதும் வக்கீல் பாய்ந்தார், கடைக்காரரின் படை பின்னங்கால் பிடரியில் பட ஓடியது.

"நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? அந்தத் துப்பாக்கி முன்னாடியே வந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது. ஒத்துக்கங்க அண்ணா."

"ஒத்துக்கறேம்பா. ஒண்ணும் மாறியிருக்காது" என்றார் கடைக்காரர்.

அண்ணனே ஆசைப்பட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று உள்ளே சொல்ல வக்கீல் துள்ளிக்கொண்டு போனார்.

மாமனார் எழுந்து மேசைமேல் குனிந்தார். வடக்குப் பதுங்குகுழியின் விளிம்பில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு தள்ளு தள்ளியிருந்தா?"

"கவனிக்கல மாமா."

"அந்தத் தோட்டத்துல யார் இருந்தா?"

கடைக்காரர் திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். மாமனார் விடவில்லை.

"என் தலைமேல ஆணையா சொல்லுங்க. ஜெயிச்சிருப்பீங்கதானே?"

"ஜெயிச்சிருப்பேன் மாமா."

கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு, "உங்க வீட்டுல எனக்கு எந்த ரூம்?" என்று கேட்டார்.

"ஜன்னல் இருக்கற ரூம்" என்று கடைக்காரர் சட்டென்று சொல்லிவிட்டார். அவர் வீட்டில் ஜன்னல் உள்ளது ஒரே ஒரு அறை. அதில்தான் அவரும் பெண்டாட்டியும் படுப்பது.