ஒளி உணர்வு: இல்லை

கட்டில் ஜன்னல் அறையின் வாசலில் மாட்டிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மேலே அப்பா படுத்திருந்தார். மகளும் மருமகனும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"மாமாவ இறக்கிட்டுத் தள்ளலாமே," என்றான் அவள் கணவன்.

"வேண்டாங்க. அந்தக் கட்டில் காலை மட்டும் கொஞ்சம் தூக்குங்க."

"லேசா ரிவர்ஸ் எடுங்க மாப்பிள்ளை," என்றார் அப்பா. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நேற்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட உடம்பு. வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

பஸ் ஓட்டியவர். முதலில் மாலை ட்ரிப் போயிற்று, பிறகு பகல் ட்ரிப்பும் போயிற்று, கடைசியில் கண்ணே போயிற்று.

மகளுக்கோ கண் ஆஸ்பத்திரியில் வேலை. கண்ணில் மெல்லிய கம்பி வைத்து, வெளிச்சத்தை மின்னவிட்டு, விழித்திரை சொல்லும் பதிலைக் காகிதத்தில் கோடாக எடுப்பாள். நல்ல கண்ணென்றால் கோடு துள்ளும். அப்பாவின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. டார்ச் அடித்தும் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றார். அட்டையில் 'ஒளி உணர்வு: இல்லை' என்று எழுதியதும் அவள்தான்.

அந்தக் கோட்டை நம்பித்தான் போன வருஷம் அவரை ஜன்னலில்லாத உள்ளறைக்கு மாற்றினாள். ஜன்னல் அறை கணவனின் கம்ப்யூட்டருக்குப் போனது. கண் கூசுகிறது என்று அவன் முதல் வேலையாகக் கெட்டித் திரைச்சீலை வாங்கி மாட்டினான்.

சில வாரங்களிலேயே அப்பாவின் தூக்கம் தாறுமாறானது. நடுப்பகலில் குறட்டை, நடுச்சாமத்தில் ஷேவிங்.

"இந்த ரூம்ல விடியவே மாட்டேங்குது பாப்பா."

"உங்களுக்கு எங்க விடிஞ்சா என்னப்பா?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

போன வாரம் சாப்பாட்டு வேளையில் பெரிய டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். விழித்திரையில் வேறொரு வகை செல்கள் உண்டாம். கொஞ்சமே கொஞ்சம். உருவம் பார்ப்பது அவற்றின் வேலையில்லை. 'இப்போது பகல்' என்று மூளைக்குச் சேதி அனுப்புவதுதான் வேலை. பார்க்கிற செல்கள் எல்லாம் செத்த பிறகும் அனுப்பிக்கொண்டிருக்குமாம்.

"நம்ம மெஷினுக்கு அது கேக்காதும்மா," என்றார். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

ஒருவழியாகக் கட்டில் உள்ளே வந்தது. அவள் திரைச்சீலையைக் கம்பியோடு கழற்றினாள். மேகமூட்டமான காலை, வெயில் சுட்டுத்தான் பகல் தெரிந்தது என்று சொல்ல வழியில்லை. அப்பா மெல்ல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"விடிஞ்சுடுச்சா பாப்பா?"

"விடிஞ்சு நாலு மணி நேரம் ஆச்சுப்பா."

"அப்ப முதல் ட்ரிப் போயிருக்கும்."

"அப்பா, அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேனே..."

"ஷேவ் பண்ணி விடுறியா?"

முடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள். வலது கன்னம் முடியும்போது தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. மதியம் மூன்றரை மணிக்கு, தூக்கத்திலேயே மூச்சு நின்றது.

கண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். பழுதானது விழித்திரைதான், கருவிழிக்கு ஒரு குறையும் இல்லை. செய்ய வேண்டியது அவளுக்கு அத்துப்படி. ஃபேனை நிறுத்தினாள், தலையணையை உயர்த்தினாள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தாள். அப்புறம் இடது கன்னத்தையும் மழித்தாள்.

ஐந்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரோடு, அவளோடு வேலை செய்பவளும் வந்தாள். கண்களை எடுத்து முடிந்ததும், வந்தவள் பழைய அட்டையைப் பார்த்துப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள்.

"ஒளி உணர்வு இல்லை. நீங்க எழுதினதுதானேக்கா? அப்படியே போட்டுடறேன்."

"போடாத. பகல் தெரியும்னு எழுது."

"அதுக்கு இதுல கட்டமே இல்லையேக்கா."

"ஓரத்துல எழுது."

வந்தவள் எழுதினாள். அறை இருட்டத் தொடங்கியது. கணவன் ஸ்விட்சைத் தேடிப் போனான்.

"இருக்கட்டுங்க," என்றாள். "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு."