கையுறைப் பெட்டி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்கள். பூட்டுக்காரர் ஒருவர் தம் பெண்டாட்டியை ஏமாற்றிய கதை சொல்கிறேன்.

சாவிக்கொத்தைக் கட்டில்மேல் கவிழ்த்தான் அவள் கொழுந்தன், பூட்டுக்காரரின் தம்பி. பஸ் ஓட்டுகிறவன்; அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "அண்ணி, இது சாவிக்கொத்தா, சாவிக்கடையா? உங்க பெட்டிச் சாவி எதுன்னு தேடுறது?"

"சீக்கிரம் தேடு. வெளிய வண்டி வந்தாச்சு."

கூடத்தில் அவள் கணவர் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். முந்தின நாள் பட்டறையில், பாதி அராவிய சாவியோடு மேசைமேல் தலை சாய்த்தவர்தான்.

அவள் சக்கர நாற்காலிப் பந்தயக்காரி. ஐந்து வாரம் முன்பு பயிற்சியில் வலது தோளின் தசைநார் கிழிந்தது. ஆறு வாரம் சக்கரத்தைத் தொடக் கூடாது, மறுபடி கிழிந்தால் பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

"மத்தவங்களுக்குக் கால் போனா கைத்தடி. எனக்குத் தோளுதான் காலு. நான் எதை ஊனிக்கிறது?" என்று எரிந்து விழுந்தாள்.

"என்னை ஊனிக்கோ" என்றார் அவர். பந்தயக் கையுறைகளைத் தகரப் பெட்டியில் போட்டு, பெரிய பூட்டாகத் தொங்கவிட்டு, அவள் கட்டிலருகிலேயே வைத்தார். ஐந்து வாரமும் அவரே தள்ளினார். பள்ளம் வருமுன்பே, "மகாராணி, குலுக்கல்!" என்பார். அவளோ தினமும் அந்தப் பூட்டைத் திட்டுவாள், தொட்டதில்லை.

சாவிகளைப் புரட்டிக்கொண்டே கொழுந்தன் கெஞ்சினான்: "நான் தள்ளுறேனே அண்ணி. தோளு போயிடும்."

"போகட்டும்டா. அவரு பின்னாடி நான் என் கையாலதான் போவேன். பெட்டியைக் குடு."

பெட்டி மடிக்கு வந்தது. கோபத்தில் பூட்டைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

கொக்கி அழுந்தியிருக்கவே இல்லை. பூட்டிய மாதிரி சும்மா செருகி வைத்திருந்தார் மனுஷன்.

"உடைஞ்சிருச்சா அண்ணி?"

"இல்ல. பூட்டவே இல்ல."

"ஊருக்கே பூட்டுப் போட்டவரு..." என்றான் அவன்.

உள்ளே கையுறைகள். உள்ளங்கையில் தேய்ந்துபோன இடத்தில் புதுத் தோல் வைத்துத் தைத்திருந்தது. பெரிய பெரிய தையல். தையல் தெரியாத கை.

அவள் பெட்டியை மூடினாள். பூட்டை முன்பிருந்தபடியே, அழுத்தாமல் செருகினாள்.

"இன்னும் ஏழு நாள் இருக்கு. நீயே தள்ளு. பள்ளம் வந்தா முன்னாடியே சொல்லணும்."

சவ வண்டி நகர்ந்தது. பின்னாலேயே நாற்காலி. தெருமுனையில் தார் பெயர்ந்த இடம் வந்தது.

"அண்ணி... குலுக்கல்."

அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

உங்கள் வீட்டுப் பூட்டெல்லாம் இப்படிச் சும்மாவே தொங்கட்டும், கண்ணுகளா. நோவில்லாமல் நெடுநாள் இருங்கள்.