கரண்டு போன மூன்றாம் நாள்

சித்திரை மாதச் சூறைக்காற்றில் சுண்ணாம்புக்குளத்துக்கு வரும் கரண்டுக் கம்பங்கள் ஏழெட்டு சாய்ந்துவிட்டன. லைன்மேன் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், போய்விட்டார். ஊர் இதற்கெல்லாம் அசரவில்லை. வாசலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டது. தூக்கம் தொலைந்தது ஜமுனாவுக்கு மட்டும்தான்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் மூன்று சிமென்ட் தொட்டிகள். இரண்டில் கோல்டு பிஷ், ஒன்றில் கறுப்பு மோலி. மகளிர் குழு கொடுத்தது. வெள்ளிக்கிழமை வியாபாரி வருவான். முதல் தடவை வளர்த்த மீன்களை அவனிடம் உயிரோடு கொடுத்துவிட்டால் தொட்டிகள் ஜமுனாவுக்கே. செத்துப்போனால் குழுவில் அடுத்து நிற்பவளுக்குப் போய்விடும். தலைவி கிறிஸ்டினா இதில் ரொம்பக் கறார்.

தொட்டி போனால் மறுபடி ஏரிதான். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுகிற பிழைப்பு. பதினாறு வருடம் அதைச் செய்தாள். கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்ததில் வலது கை ஆள்காட்டி விரல் மடங்காமலே போனது. பறியைக் கவ்விக் கவ்வி முன்பல் இரண்டு ஆட்டம் கண்டன. தொட்டி வந்த அன்று பறியைக் கொட்டகைக் கூரையில் செருகிவிட்டு, இனி ஏரியில் கால் வைத்தால் என் பேர் ஜமுனா இல்லை என்றாள்.

தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றதிலிருந்து அவள் கண் மூடவில்லை. சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும் என்று கிறிஸ்டினா சொல்லியிருந்தாள். மொண்டாள், ஊற்றினாள். ஒரு தொட்டியில் ஊற்றும்போது அடுத்த தொட்டி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மூன்றாம் நாள் காலையில் கை தூக்க வரவில்லை. பேட்டரியில் ஓடும் மோட்டார் ஆரம்பாக்கத்தில் கிடைக்கும் என்றார்கள்.

“யோவ், மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன். கைய வுட்றாத. மொண்டு மொண்டு ஊத்திக்கினே இரு,” என்று புருஷன் சடையனிடம் சொன்னாள்.

“நீ போமே. மீனப் பத்தி எனக்கே சொல்றியா?”

அதுதான் சடையன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், நல்ல மனுஷன். பெண்டாட்டி பேசும்போது மட்டும் காது வேலை செய்யாது. எட்டு மாதமாக இந்த மீன்களைப் பற்றி அவள் அவனிடம் பேசாத நாள் இல்லை. எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஏரி இருக்கும்போது தெருக்குழாயிலிருந்து ஏன் குடம் குடமாகத் தூக்குகிறாள் என்று ஒரு நாள் கேட்டிருப்பானா?

அவள் மோட்டாரோடு திரும்பியபோது சடையன் தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான்.

“நீ போன கொஞ்ச நேரத்துல எல்லாத்துக்கும் மூச்சு முட்டிக்கிச்சு. சொம்புல ஊத்துனா வேலைக்காவுமா? கொழாய்லயும் தண்ணி வர்ல. பாதியத் தொட்டியிலேர்ந்து எறைச்சிட்டு, ஏரித் தண்ணிய மொண்டாந்து ஊத்திட்டேன். முப்பது குடம்! தோளப் பாரு.”

பறியில் இறால் துவண்டால் பறியோடு ஏரியில் ஒரு முக்கு முக்குவார்கள், துள்ளிக்கொண்டு தெளிந்துவிடும். பிறந்ததிலிருந்து அவன் கண்ட வைத்தியம் அது ஒன்றுதான். கடலோடு சேர்ந்த ஏரி அது; சித்திரையில் அதன் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும்.

கோல்டு பிஷ் இரண்டு தொட்டியிலும் வயிற்றைக் காட்டி மிதந்தது. மோலிகள் மட்டும், உப்பைத் தாங்கும் சாதி, ஒன்றுமே நடக்காததுபோல் நீந்தின.

“அதெல்லாம் மயக்கம், தெளிஞ்சிரும். இதுங்க நல்லாத்தான கீது?” என்றான் மோலியைக் காட்டி.

“செத்ததுங்க குடிதண்ணி மீனுய்யா. உப்பு ஆவாது.”

சடையன் முகம் செத்துவிட்டது. “இத நீ சொல்லவேயில்லையே, ஜமுனா.”

அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். தோல் உரிந்த தோளோடு நிற்கிறவனை என்ன செய்வது? உட்கார்ந்து செத்த மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சாயங்காலம் கரண்டு வந்தது. பழைய மோட்டார் தானாக ஓடி, வெறும் தண்ணீரில் குமிழி விட்டது.

வெள்ளிக்கிழமை கிறிஸ்டினா ஆள் வைத்துத் தொட்டிகளை எடுத்துப்போனாள், மோலிகளையும் சேர்த்து.

சனிக்கிழமை காலை ஜமுனா கூரையிலிருந்து பறியை உருவிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த சடையன் தன் பறியை வாயிலிருந்து கையில் எடுத்துக்கொண்டான்.

“இன்னாமே, இன்னும் கோவமா? எதுனா பேசேன்.”

அவள் தன் பறியை எடுக்கவில்லை. இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டு குனிந்தாள். ஆட்டம் கண்ட பல் வலித்தது.