ஐந்தாம் எண் நாற்காலி

அவளுடைய முழங்கால்கள் இரண்டும் பேசி வைத்துக்கொண்டு கைவிரித்து ஐந்து மாதமாகிறது. அன்றிலிருந்து அவள் மூன்றாம் மாடியை விட்டு இறங்கவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். படிக்கு ஒரு 'அம்மா' என்று வைத்தாலும் கீழே போய்ச் சேர ஐம்பத்து நான்கு 'அம்மா' ஆகும்.

சரி, வீட்டுக்குள்ளாவது நடக்கலாம் என்றால் அதற்கு இடம் வேண்டுமே! எங்கே திரும்பினாலும் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய மகோகனி மரச்சாமான். திராட்சைக் கொத்து செதுக்கிய அலமாரி ஒரு ஜன்னலை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சமிருந்த ஜன்னலுக்குக் கெட்டித் திரை. வெயில் பட்டால் மரம் வெளுத்துப்போகுமாம். உள்ளே ஒரு மனுஷி வெளுத்துக்கொண்டிருப்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் அவள் காய் நறுக்குகிறாள்.

இத்தனையும் சேர்த்தவர் அவள் வீட்டுக்காரர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் எல்லோரும் அவரை 'மகோகனி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர், ஆனால் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நிற்கும் நாற்காலிகள் எட்டு கொண்ட ஒரு செட். கையில்லாதவை ஆறு, கைவைத்தவை இரண்டு. அவரிடம் இருப்பது ஏழு. கைவைத்த நாற்காலியில் ஒன்று குறைகிறது.

"ஏழா வித்தா எவனும் மதிக்க மாட்டான்மா. எட்டும் சேரட்டும். மொத்தமா குடுத்துட்டு, தரைத்தளத்துல நல்ல வெளிச்சமான வீடா பாத்துப் போயிடலாம்."

இதைச் சொல்லிப் பதினொரு வருஷம். அந்த எட்டாவதைத் தேடி அவர் போகாத ஏலக்கடை இல்லை. வெறுங்கையோடு திரும்பி வரும்போதெல்லாம் அவள்தான் சமாதானம் சொல்வாள். "கிடைக்கும்ங்க. மனசத் தளர விடாதீங்க." தன் வீடும் தன் வெளிச்சமும் அந்த ஒற்றை நாற்காலியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வேறென்ன சொல்வாள்?

நாற்காலிகளைத் தூசு தட்டுவதும் அவள் வேலைதான். துணியால் துடைக்கக் கூடாது, மெல்லிய தூரிகையால் செதுக்கலுக்குள்ளே போய் எடுக்க வேண்டும். அவற்றைச் செய்த தச்சன், எது எதனோடு சேரும் என்று தெரிவதற்காக, ஒவ்வொன்றின் இருக்கைச் சட்டத்துக்கு அடியிலும் உளியால் ரோமன் எண் கொத்தி வைத்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம் ஆறு, ஏழு, எட்டு. ஐந்து மட்டும் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாளை மறந்தாலும் இதை அவள் மறக்க மாட்டாள்.

அன்று காலை அவர் ஏலத்துக்கு வந்த சாமான்களைப் பார்க்கப் போயிருந்தார். பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. அவர் வழக்கமாக மரச்சாமான்களைக் கொடுக்கும் பாலிஷ் பட்டறைக்காரர் நின்றிருந்தார். பின்னால் சுமை தூக்குகிற இரண்டு பேர், போர்வை சுற்றிய எதையோ பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார் இல்லீங்களாம்மா? ஃபோன் அடிச்சேன், எடுக்கல."

"ஏலத்துக்குப் போனா அவருக்கு உலகமே மறந்துடும். என்ன விஷயம்?"

"பட்டறைய வேற எடத்துக்கு மாத்துறேம்மா. சாரோட நாற்காலி ஒண்ணு பரண்ல கெடக்குது. புது எடத்துல பரண் இல்ல. அதான் கையோட குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

போர்வையை விலக்கினார்கள். முதுகின் உச்சியில் சிப்பி, பந்தைக் கவ்விய நகக்கால்கள், வளைந்த இரண்டு கைகள். அவள் தூரிகை விட்டுத் தூசு எடுக்கிற அதே வேலைப்பாடு.

"அதக் கவுத்துக் காட்டுங்க."

காட்டினார்கள். சட்டத்துக்கு அடியில் உளி கொத்திய ஐந்து.

"எத்தன நாளா உங்ககிட்ட இருக்கு?"

"அது ஆச்சும்மா ஒம்போது வருஷம். கால்ல ஒரு விரிசல். ஒரே வாரத்துல சரி பண்ணிட்டேன். சார்தான், 'அப்புறம் எடுத்துக்கறேன், இப்ப வேணாம்'னு தள்ளிக்கிட்டே வந்தாரு."

ஒன்பது வருஷம். அப்போது அவள் படிகளில் ஓடி இறங்குவாள். அவர் ஏமாற்றியதைவிட, அவருக்கே உட்கார்ந்து ஆறுதல் சொன்னோமே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

அந்த நேரம் பார்த்து அவரே வந்து நின்றார், கையில் ஏலப் பட்டியலோடு. நாற்காலியைப் பார்த்தார். பட்டறைக்காரர் மேல் பாய்ந்தார். "யாரக் கேட்டுக் கொண்டு வந்தே?"

"அவர விடுங்க," என்றாள் அவள். "ஏங்க இப்படிப் பண்ணினீங்க? அத மட்டும் சொல்லுங்க."

அவர் பட்டியலைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பொய் சொல்ல வராமல் போய்விட்டது போலிருக்கிறது.

"எட்டும் சேந்துட்டா குடுத்தாகணுமேம்மா. உனக்கு வாக்குக் குடுத்துட்டேனே. இன்னும் ரெண்டே வருஷம் பொறுத்துக்கோ..."

நிமிர்த்தி வைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, அதன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தாங்குமா?" என்று பட்டறைக்காரரைக் கேட்டாள்.

"மகோகனிம்மா. ரெண்டு பேரத் தாங்கும்."

"அப்ப என்னைக் கீழ எறக்குங்க. உங்க வண்டியிலயே என் தங்கச்சி வீட்டுல விட்டுடுங்க. அது தரைத்தளம்."

சுமை தூக்குகிறவர்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். "அங்க என்ன பார்வ? அஞ்சு மாசமா நடக்க முடியாம கெடக்கறவ நான்," என்றாள். தூக்கினார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பட்டறைக்காரர் பக்கவாட்டில் கைகொடுத்தபடி. திருப்பங்களில் கண்ணை மூடிக்கொண்டாள். பயம்தான். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. ஐம்பத்து நான்கு படியும் இறங்கித் தெருவில் வைத்தபோது, வெயில் மடியில் விழுந்தது. அழக் கூடாது என்று நினைத்தும் அழுதுவிட்டாள்.

பட்டறைக்காரர் அவளைத் தாங்கிப் பிடித்து வண்டியின் முன் இருக்கையில் ஏற்றிவிட்டார். அதற்குள் வீட்டுக்காரர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடிவந்தார். வந்தவர் அப்படியே தெருவில் மண்டியிட்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனசு இளகிவிட்டது.

அவர் சட்டை நுனியால் நாற்காலியின் காலைத் துடைத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லவேளை, ஒரு கீறல் இல்ல," என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்காரரிடம் சொன்னாள்: "அதையும் வண்டியில ஏத்துங்க. அது என்கூட இருந்தாதான் இவரு என்னைத் தேடி வருவாரு."